நாலு மணிக்கு மேல் என் கால்கள்

வலது மணிக்கட்டில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்து மூன்று மாதமாகிறது. பேனா பிடித்தால் கால் மணி நேரம் தாங்குகிறது, பிறகு விரல்கள் நடுங்குகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதினேன். முட்டி தேய்ந்துபோன என் வயதுக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது ஆசை. நான் சொன்ன ஒரு பொய்யையும் எழுதியாக வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

என் பெயர் சுகுணா. வயது அறுபத்தேழு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். தைத்து வரும் அப்பரில் தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. செக்கிங் டேபிளுக்கு நாற்காலி கிடையாது. காலை எட்டரைக்கு சிமெண்டுத் தரையில் நிற்க ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தவிர மாலை வரை நின்றபடிதான். ஓய்வு பெறும்போதே முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. எங்கள் செக்ஷனில் முட்டி வலிக்காதவள் யார் இருந்தாள்? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணவர் இறந்து பதினோரு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. கடைசி ஆறு வருடம் என்னோடு என் அக்கா பத்மா இருந்தாள். என்னைவிட ஐந்து வயது பெரியவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். சர்க்கரை நோய் அவள் கண்ணைக் கெடுத்துவிட்டது. வெளிச்சம் தெரியும், எதிரில் ஆள் நின்றால் நிழல்போலத் தெரியும், முகம் தெரியாது. அவளுடைய ஒரே மகன் பிரகாஷுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறவள். அவன் கூப்பிட்டபோது அக்கா போகவில்லை.

"அவங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போய்ட்டா, பூட்டின வீட்டுல நான் ஒக்காந்து இன்னா பண்றது? நான் சுகுணாகிட்டயே இருக்கேன்" என்று என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளை நான் வைத்துப் பார்த்துக்கொள்வதாகத் தெருவில் சொல்வார்கள். எனக்கும் அதைக் கேட்கப் பிடிக்கும். ஆனால் அவள் வருவதற்கு முன்னால் ஐந்து வருடம் நான் தனியாக இருந்தேன். பல நாள் காலையில் ஒரு டீ போட்டதோடு அடுப்பை அணைத்துவிடுவேன். அக்கா வந்த பிறகுதான் வேளைக்குச் சமைத்தேன். காய் நறுக்குவது அவள் வேலை. கண் தெரியாமலே பீன்ஸை ஒரே அளவாக நறுக்குவாள். எங்கே போனாலும் என் இடது தோளைப் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவாள்.

முதல் முறை நான் விழுந்தது பஜாரில். அன்று காலை ரேஷன் கடையில் நின்றேன். மதியம் அக்காவை சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போய் அங்கேயும் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அவளை வீட்டில் விட்டுவிட்டு மாத்திரை வாங்கத் திரும்பிப் போகும்போது சமமான ரோட்டில் முகம் குப்புற விழுந்தேன். கல் இல்லை, குழி இல்லை. பழக்கடைக்காரர் தூக்கி உட்காரவைத்து, "மயக்கமாம்மா?" என்றார். மயக்கம் இல்லை. கால் என்னோடு வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முறை சமையலறையில். போர்வைகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்ட நாள். சாயங்காலம் டீ போட எழுந்தேன். விழுந்ததில் அடுப்பு மேடையின் விளிம்பு நெற்றியில் வெட்டிவிட்டது. பக்கத்து வீட்டு ஷாஹிதா வந்து காயத்தை அழுத்திப் பிடித்தாள். அவளும் எங்கள் கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருந்தவள்.

"ரெண்டு தடவ ஆயிடுச்சு சுகுணாக்கா. மூணாவது தடவ தல போய்டும். வேலூர் போய்க் காமிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் பத்மாக்காவ நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு நாள் அலைந்தேன். விடியற்காலை பஸ் ஏறினால் ஏழரைக்குள் வரிசையில் நின்றுவிடலாம். காத்திருக்கும் கூடத்தில் பாதிப்பேர் வங்காளத்துக்காரர்கள். இரண்டு நாள் ரயிலில் வந்து, கூடையில் பொரியும் பாத்திரமுமாக உட்கார்ந்திருப்பார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் தன் முட்டியைக் காட்டினாள். நான் என் முட்டியைக் காட்டினேன். மொழி தெரியாமலே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ரத்தம் எடுத்தார்கள். இதயத்துக்கு ஈசிஜி பார்த்தார்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை பிரஷர் பார்த்தார்கள். சிலருக்கு எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலை சுற்றுமாம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பைச் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் "நார்மல்" என்று கேட்டபோது எனக்குப் பயம்தான் கூடியது. காரணம் கிடைத்தால் மாத்திரை கிடைக்கும். காரணமே இல்லாமல் விழுகிறவளுக்கு என்ன கொடுப்பார்கள்?

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"முட்டிக்குள்ள எலும்பு முனையில வழவழப்பா ஒரு குருத்தெலும்பு இருக்கும்மா. மெத்த மாதிரி. உங்களுக்கு உள்பக்கம் அது தேஞ்சுபோய், எலும்பும் எலும்பும் ஒட்டற மாதிரி வந்துடுச்சு. இடது கால்ல ஜாஸ்தி. பின்னால மூட்டு மாத்தற ஆபரேஷன் தேவைப்படலாம். அதுக்கு முன்னாடி தசைக்குப் பலம் வரணும். பிசியோதெரபிக்கு எழுதறேன்."

அங்கேதான் ரூபியைச் சந்தித்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும், அதிகம் சிரிக்காத பெண். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்து, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டைவரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னாள். கையில் கடிகாரம் வைத்திருந்தாள். பிறகு ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து அசையாமல் நிற்கச் சொன்னாள். இரண்டையும் செய்தேன்.

"நல்லாத்தான் பண்றீங்க" என்று என் சீட்டைப் புரட்டினாள். "மொத தடவ விழுந்தது எத்தன மணிக்கு?"

"அஞ்சு இருக்கும்."

"ரெண்டாவது?"

"அதுவும் சாயங்காலம்தான். டீ போடற நேரம்."

"அன்னிக்குக் காலையிலேர்ந்து என்னென்ன வேல செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. ரேஷன் கடை, வரிசை, போர்வை என்று சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். பிறகு என் இடுப்பில் ஒரு அகலமான பெல்ட்டைக் கட்டி, பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் எட்டுச் சுற்று நடக்கவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து எழவைத்தாள். ஒரு சின்னப் படியில் ஏறி இறங்கவைத்தாள். "போதும்மா" என்று நான் கெஞ்சியபோது பழைய நாற்காலிக்குக் கூட்டிவந்து, முதலில் செய்த சோதனையை அப்படியே திரும்பச் செய்யச் சொன்னாள்.

எழுவதற்கே மூன்று முறை முயன்றேன். மஞ்சள் பட்டையில் கால் உரசியது. பாதத்தைத் தூக்கியதாகத்தான் நினைத்தேன். திரும்பும் இடத்தில் இடது முட்டி மடங்கியது. பெல்ட்டைப் பிடித்திருந்த ரூபியின் கை என்னை நிறுத்தியது. சற்று முன் பரீட்சையில் தேறிய அதே கால்கள். இடையில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு விளக்கினாள். தொடைக்கு முன்பக்கம் இருக்கும் தசைதான் முட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. முட்டி தேய்ந்தவர்கள் வலிக்குப் பயந்து அந்தத் தசையைக் குறைவாக உபயோகிப்பதால் அது மெலிகிறது. மெலிந்த தசை சீக்கிரம் களைத்துவிடும். களைத்த தசை பிடிக்கத் தாமதிக்கும்.

"கண்ண மூடித் தொறக்கற நேரம்தான் லேட்டாகும். விழறதுக்கு அது போதும். கால் எப்படி இருக்குதுன்னு மூளைக்குப் போற சேதியும் மந்தமாயிடும். நீங்க டெஸ்ட் எல்லாம் காலையில, ஒக்காந்து எழுந்து வந்து பண்ணியிருக்கீங்க. அதான் எதுலயும் தெரியல."

"வலிதான் தள்ளிவிடுதுன்னு நெனச்சேன்."

"வலிச்சா நின்னுடுவீங்கம்மா. அசதி வந்தா, இன்னும் கொஞ்சந்தானே, முடிச்சுட்டு ஒக்காரலாம்னு போவீங்க. அதுல ஆபத்து ஜாஸ்தி."

எனக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது. நாலு மணிக்கு மேல் செக்கிங்கில் தவறு அதிகமாகத் தப்பிப் போகும் என்று சூப்பர்வைசர் வந்து எங்கள் பின்னால் நிற்பார். கண்ணுக்கு அந்த நியாயம் உண்டென்று அன்றே தெரியும். காலுக்கும் உண்டென்று யாரும் சொல்லவில்லை.

ரூபி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கனமான வேலைகளைக் காலையில் முடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்றால் அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஊன்றுகோலை வலது கையில் பிடிக்க வேண்டும். தொடைக்கு நான்கு பயிற்சிகள். வீட்டில் யார் யார் என்று கேட்டபோது அக்காவைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவங்க உங்களப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறாங்களா?"

"ஆமா. ஆறு வருஷமா."

"நாலு மணிக்கு மேல அப்படி நடக்காதீங்க. நீங்க விழுந்தா ரெண்டு பேரும் விழுவீங்க. அவங்க பையன்கிட்ட இதைச் சொல்லுங்க. சாயங்காலம் ஒதவிக்கு ஒரு ஆள் வேணும்."

சொல்கிறேன் என்றேன். அந்தத் தாளின் கடைசி வரியில் அதையும் எழுதிக் கீழே கோடு போட்டாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். பிரகாஷிடம் சொன்னால் அவன் ஆள் தேடமாட்டான். காரை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவைக் கூட்டிப் போய்விடுவான். கூட்டிப் போக அவனுக்கு உரிமை இருக்கிறது. திரும்பவும் காலை டீயோடு அணைத்துவைக்கும் அடுப்பு. வீட்டுக்கு வந்து தாளை மடித்து அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று அக்கா கேட்டாள்.

"தேய்மானம்தான். நமக்கு இன்னா புதுசா? மாத்திர குடுத்திருக்காங்க."

பிரகாஷ் போனில் கேட்டபோதும் அதையே சொன்னேன். பயிற்சிகளைப் பன்னிரண்டு நாள் செய்தேன். ஊன்றுகோல் வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். இடது தோளில் அக்கா, வலது கையில் பை. ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது?

ஒரு மாதம் கழித்து எங்கள் தெருவில் நான்கு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை லாரி வந்தது. குடம் குடமாக எடுத்து வந்து தொட்டியை நிரப்பினேன். ஷாஹிதா உதவிக்கு வந்தாள், அவளுக்கும் அவள் வீட்டுக்குப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு சேர்ந்துபோயிருந்த துணிகள், பாத்திரங்கள். சாயங்காலம் அக்கா, "ஒடம்பெல்லாம் கசகசன்னு பேஜாரா இருக்குது சுகுணா. குளிச்சா தேவல" என்றாள்.

நாளைக் காலை குளிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை இந்த மாதங்களில் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்று, "வா" என்றேன்.

குளியலறை பின்கட்டில் இருக்கிறது. இரண்டு படி இறங்க வேண்டும். தரை காய்ந்துதான் இருந்தது. முதல் படியில் இடது முட்டி விட்டுவிட்டது. மடங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. நேராக்க வேண்டும் என்றும் தெரிந்தது. கால் கேட்கவில்லை. அக்கா என் தோளை விடாமல் என்னோடு வந்தாள். நான் அவள்மேல் விழுந்தேன். ஏதோ ஒடிந்த சத்தம் கேட்டது. என் கை என்று நினைத்தேன். என் கையும் ஒடிந்திருந்தது, ஆனால் சத்தம் அவளுடையது.

ஷாஹிதாதான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஓடி வந்தாள். ஆம்புலன்ஸில் எங்களை ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்காவை ஒரு ஸ்ட்ரெச்சரில், என்னைப் பக்கத்தில் ஒரு பெஞ்சில். டாக்டர் எழுதுவதற்காகக் கேட்டார்.

"எப்படி விழுந்தீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"அவங்களுக்குக் கண்ணு தெரியாது டாக்டர். படியில தடுக்கிட்டாங்க. என்னையும் சேத்து இழுத்துட்டாங்க."

அக்கா நான்கடி தூரத்தில் படுத்திருந்தாள். கண்தான் போயிற்றே தவிர அவள் காது கூர்மை. டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார்.

வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது.

"ஆமாங்க. நான்தான் இழுத்துட்டேன்" என்றாள்.

அவர் அதை எழுதிக்கொண்டார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். அந்தக் காகிதமும் எங்களோடு வந்தது.

அக்காவுக்குத் தொடை எலும்பு, இடுப்பில் பொருந்தும் இடத்தில் முறிந்திருந்தது. உடைந்த எலும்பின் தலைப்பகுதியை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்றார்கள். சர்க்கரை இறங்கட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தார்கள். என் மணிக்கட்டை இழுத்து நேராக்கிக் கட்டுப் போட்டு மறுநாளே அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கையோடு அக்காவின் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன். பிரகாஷ் லீவு போட்டு வந்துவிட்டான். காப்பீட்டு அட்டை, கையெழுத்து, ரத்தம் என்று அலைந்ததெல்லாம் அவன்தான். எனக்கு இட்லியைப் பிய்த்து சாம்பாரில் தோய்த்துத் தட்டில் வைத்துக் கொடுப்பான். இடது கையால் சாப்பிட எனக்குப் பழக்கமில்லை என்று அவனாகவே கண்டுகொண்டான். ஷாஹிதா ஒருநாள் விட்டு ஒருநாள் ரசமும் சாதமும் கொண்டுவந்தாள். அவர்கள் இவ்வளவு செய்யச் செய்ய எனக்கு உள்ளே குத்தியது.

ஏனென்றால் அவன் தன் அம்மாவைக் கடிந்துகொண்டே இருந்தான்.

"எத்தன தடவ சொன்னேன்மா? கால வெச்சுப் பாத்து மெதுவா எறங்குன்னு. இப்பப் பாரு, சித்திக்கும் கை போச்சு."

அக்கா முகத்தை மேலே வைத்தபடி, "சரிடா" என்பாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதுபோலத் திரும்பிக்கொள்வேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் எழுந்து நிற்கவைக்க வேண்டும் என்றார்கள். படுத்தே இருந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். வார்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ரூபிதான். என்னைப் பார்த்ததும் நின்றாள். கட்டிலில் தொங்கிய காகிதங்களைப் புரட்டினாள். விழுந்த நேரம் அதில் இருந்தது. மாலை ஐந்தரை. யார் இழுத்தது என்பதும் இருந்தது. படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

வாக்கரை முன்னால் வைத்து, அக்காவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்தாள். "பயப்படாதீங்கம்மா. ஒரு பக்கம் நான் இருக்கேன். அந்தப் பக்கம் உங்க தங்கச்சி இருக்காங்க" என்றாள். நான் கட்டுப் போடாத இடது கையை நீட்டி அக்காவின் கையைத் தொட்டேன்.

அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கட்டிலின் இரும்புக் கம்பியைத் தேடிப் பிடித்தாள். ஆறு வருடத்தில் அவள் என் கையைத் தள்ளியது அதுதான் முதல் முறை. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் உடம்பு செய்தது அது. அன்று அவள் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. "கீழ இன்னா இருக்குதுன்னே தெரியலம்மா" என்று நடுங்கினாள்.

ரூபி போகும்போது நடையில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "பையன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"இப்பவாவது சொல்லுங்க. நீ தடுக்கினதாலதான்னு எல்லாரும் திட்டத் திட்ட, அவங்க எப்படிம்மா தைரியமா கால் வெப்பாங்க?"

அன்று மதியம் கேண்டீனில் பிரகாஷ் எனக்கு டீ வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்தான். சொன்னேன். பஜாரில் விழுந்தது, நடையில் எட்டுச் சுற்று, கோடு போட்ட வரி, புடவைக்கு அடியில் தாள், காய்ந்திருந்த படி, டாக்டரிடம் சொன்ன வார்த்தை. எதையும் விடவில்லை. அவன் கத்துவான் என்று நினைத்தேன். டம்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் சித்தி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போய்டுவேன்னுதான்."

தலையை ஆட்டினான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவ நான் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன் சித்தி. ராஜினிய ஒரு மூணு மாசம் லீவு கேக்கச் சொல்றேன்" என்றான். ராஜினி அவன் மனைவி. கோபமே இல்லாத குரலில் சொன்னான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வார்டுக்குத் திரும்பினேன். அக்கா விழித்திருந்தாள்.

"அக்கா, பிரகாஷ்கிட்ட சொல்லிட்டேன். நான்தான் விழுந்தேன்னு."

"எதுக்குச் சொன்ன?" என்றாள். அவள் குரலில் எரிச்சல் இருந்தது. "நான்தான் இழுத்தேன்னு இருந்தா, நான் ஜாக்கிரதையா இருக்கேன்டான்னு சொல்லி ஒன்கூடவே வந்திருப்பேன். இப்ப விடுவானா அவன்?"

அவள் அந்தப் பொய்யை ஏன் ஒத்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"மன்னிச்சுடுக்கா. முன்னாடியே இங்க, சாயங்காலம் ஒன்னக் கூட்டிக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு எழுதியே குடுத்தாங்க. ஒங்கிட்ட மறச்சுட்டேன்."

"எழுதிக் குடுத்துத்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள் அக்கா. "ஒன் தோள் மேலதான கை வெச்சிருக்கேன். காலையில ஒரு மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆனா எறங்கிடும், ஆடும். ஒரு வருஷமா எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னிக்கு நான் குளிக்கணும்னு கேட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கன்னத்தில் கண்ணீர் காதுவரை வழிந்தது. என் இடது கை புடவை முந்தானையைப் பிடித்தது. துடைக்கத் தொடுவதற்கு எனக்குப் பயமாக இருந்தது.

பதினான்காம் நாள் அக்காவை டிஸ்சார்ஜ் செய்தார்கள். ஆம்பூர் வழியாகத்தான் கார் போயிற்று. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, அவளுடைய துணிப்பையை எடுத்துக்கொண்டார்கள். அவள் இறங்க முடியாது. கார் கண்ணாடியை இறக்கி, ஷாஹிதா என்னோடு நிற்கிறாளா என்று மட்டும் கேட்டாள்.

இப்போது ரூபி எழுதிய தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பயிற்சிகளை விடுவதில்லை. மூன்றரைக்கெல்லாம் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிடுகிறேன். ஊன்றுகோலோடுதான் தெருவில் போகிறேன். தெரிந்தவர்கள் யாராவது முட்டி வலி என்றால், என்ன மாத்திரை என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மணிக்குக் கால் தள்ளாடுகிறது என்று கேட்கிறேன். மூட்டு மாற்றும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த நான்கு மாதமாக விழவில்லை. ஒருத்திக்குச் சமைப்பது மட்டும் பல நாள் முடிவதில்லை.

போன மாதம் ஓசூர் போனேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து வீடு வரை நடந்து, போய்ச் சேர்ந்தபோது நாலேகால். ராஜினி கதவைத் திறந்துவிட்டு எனக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அக்கா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். வாக்கரைப் பிடித்து நாற்காலிவரை நான்கு எட்டு வைக்கிறாள், அதற்கு மேல் இல்லை என்று பிரகாஷ் போனில் சொல்லியிருந்தான். இனி அவ்வளவுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம்.

என் காலடியும் ஊன்றுகோல் சத்தமும் கேட்டு முகத்தைத் திருப்பினாள்.

"மணி இன்னா?"

"நாலேகால்க்கா."

"ஒக்காரு மொதல்ல. அப்பால வந்து என்னை எழுப்பு. இந்த நாற்காலிக்கு மாறணும். ராஜினி எழுப்பினா எனக்கு வலிக்குது."

எதிரில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். ஆம்பூரில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள், சொன்னேன். ஷாஹிதாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொன்னேன். அரை மணி நேரம் போயிருக்கும். அக்கா போர்வையை விலக்கி, கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, என் பக்கமாகக் கையை நீட்டினாள்.

"இப்ப?"

நான் எழுந்து நின்றேன். அந்தக் கையைப் பிடிக்க மூன்று மாதமாகக் காத்திருந்தேன். இடது முட்டி உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது.

"இன்னும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன்.